சென்னை நகரபிதா பதவியின் வரலாறு

1688-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 29-ஆந் திகதி சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையில் அதற்குமுன் எவருங் கண்டிராத ஓர் ஊர்வலம் நடைபெற்றது. பொன்முலாம் பூசிய வெள்ளிச் செங்கோல்கள் இரண்டினை ஏவலர் ஏந்தி முன்னே செல்ல, செந்நிறக் கம்பளித் துணியாலாகிய நீண்ட அங்கி தரித்த ஒருவர் பின்னே நடந்தார். அவரைத் தொடர்ந்து அதே செந்நிற அங்கியில் மூத்தோர் சிலரும், வெண்ணிறச் சீனப் பட்டணிந்த நகரமாந்தர் பலரும் சென்றனர். சென்னையின் புரட்டாதி வெயிலிற் கம்பளி அங்கி தரித்து நடப்பது எத்தகைய துன்பம் என்பதை நேயர்கள் உய்த்துணர்ந்துகொள்ளலாம். ஆயினும் அவர்கள் முகமலர்ச்சியுடனேயே நடந்திருத்தல் வேண்டும். ஏனெனில், அன்றுதான் சென்னை ஒரு மாநகரமாகவும், முன்னே நடந்த நதானியேல் ஹிக்கின்சன் அதன் முதல் மேயராகவும் ஆயினர்.

மேயர் என்னுஞ் சொல், பெரியவர் எனப் பொருள்படும் இலத்தீன் மொழிச் சொல்லினின்று பிறந்தது. தமிழில் அவரை நகரபிதா என்பர். மாநகர முதல்வர் என்றலும் உண்டு. ஹிக்கின்சன் வட அமெரிக்காவிலுள்ள ஆங்கிலக் குடியேற்றம் ஒன்றிற் பிறந்து, அங்குள்ள ஹாவாட் கல்லூரியிற் கற்றுத் தேறியவர்; கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையிற் சேர்ந்து சென்னைக்கு வந்தவர். அந்நாளிற் கோட்டையின் தேசாதிபதியாக இருந்தவர் எலிகூ யேல். அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று இன்று தாங்கி நிற்பது அவருடைய பெயரையே. அவர் முன்னிலையில் உறுதிமொழி கூறி விருந்துண்ட பின்னரே மேயரும் ஏனையோரும் ஊர்வலமாகப் புறப்பட்டனர். நாளைக்கூட ஆய்ந்தே தெரிந்தனர் போலும். செப்டெம்பர் 29 இலண்டன் மாநகரம் தன் பிரபு மேயரைத் தெரிவுசெய்யும் திருநாளாகும்.

இத்தனை ஆரவாரமும் எதற்காக? கோட்டையெழுப்பி ஐம்பது ஆண்டுதானும் நிரம்பாத ஒரு வணிகத் துறைக்கு இலண்டனுக்குரிய கோலம் ஏன்? விடை மிக எளிது. வரி வசூலிப்பதற்காக.

கோட்டையைச் சூழ்ந்து வளர்ந்த ஊரிற் குப்பை அகற்றவும், காவல் வைக்கவும், மதில் கட்டவும் பணம் வேண்டியிருந்தது. அப்பணத்தை ஊரவரே தருதல் வேண்டுமென்பது கம்பனியின் கருத்து. இலங்கையிற் சோலைவரி என வழங்குவதை ஒத்த ஒரு வீட்டு வரியைக் கோட்டையதிகாரிகள் விதிக்க முயன்றனர். ஊரவர் கடைகளை அடைத்து எதிர்த்து நின்றனர். வரி கொடாதவரின் வீடுகள் இடிக்கப்படும் என அச்சுறுத்தியும் பயன் விளையவில்லை. வணிகர் தொழிலை நிறுத்தினால் நட்டம் கம்பனிக்கே என்பது இருபாலாருக்குந் தெரிந்த உண்மை.

அவ்வேளையில் இலண்டனிற் கம்பனியின் தலைமையில் இருந்தவர் சர் ஜோசையா சைல்ட். பெரும் வணிகர், பொருளியல் நூலாசிரியர், மனிதரின் உள்ளத்தை நன்கறிந்தவர். அவர் கண்ட உபாயம் இது: பிறர் அதிகாரத்தால் விதிக்கும் சிறு வரிக்குச் சீறும் மக்கள், தம்மவர் கூடித் தாமே விதித்துக்கொண்டால் அதனிற் பன்மடங்கு பெரிய வரியையும் மனமொப்பிக் கொடுப்பர். ஆகவே ஊருக்கு ஒரு மேயரையும் ஒரு சபையையும் கொடுத்துவிட்டால் வரி தானே வந்து சேரும். உபாயத்திலே தந்திரம் உண்டு. ஆயினும் அதனுள்ளே ஓர் உண்மையும் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. வரி செலுத்துபவனைக் கேளாமல் வரி விதித்தல் இயலாதென்பதை ஒரு வணிகக் கம்பனி ஏற்றுக்கொண்டதன் விளைவே சென்னை மேயர் பதவி.

இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் அவையில் இவ்விடயம் ஆராயப்பட்டபோது, சாசனத்தை மன்னரே நேரில் வழங்குவதா, அன்றிக் கம்பனி தன் முத்திரையிட்டு வழங்குவதா என்ற வினா எழுந்தது. கம்பனியே வழங்குவதென முடிவாயிற்று. சிறிய செய்தி போலத் தோன்றினும் இது பெரிய செய்தி. மன்னர் தந்த பதவியாயின் அதனை மன்னரே மீளப் பெறலாம். கம்பனி தந்த பதவியோ கம்பனியின் கைக்குள் அடங்கியது. 1687-ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 30-ஆந் திகதி சாசனம் பிறந்தது. மேயர் ஒருவர், ஆல்டர்மென் எனப்பட்ட மூத்தோர் 12 பேர், அவர்களின் கீழ் நகரமாந்தர் 60 பேர் என்பது அமைப்பு.

அம்மூத்தோர் பன்னிருவரின் பெயர்களைப் படிப்போர் வியப்படைவர். மூவர் ஆங்கிலேயர். மூவர் இந்துக்கள்: சின்ன வேங்கடாத்திரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்த பிள்ளை என்போர். எஞ்சியோர், கோல்கொண்டாவின் வைரங்களை வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பி வந்த யூத வணிகரும், போர்த்துக்கேயரும், பிரெஞ்சுக்காரருமாவர். இத்துணை இனத்தவரை ஒரே ஆசனவரிசையில் இருத்திய நகரசபை அந்நூற்றாண்டில் உலகில் வேறெங்கேனும் இருந்ததோ என ஐயுறலாம். இது பரந்த மனப்பான்மையால் விளைந்ததெனக் கொள்வது தவறு. எந்தெந்த இனத்தவரிடம் பணம் இருந்ததோ அந்தந்த இனத்தவருக்கு ஆசனம் இருந்தது. அவ்வளவே.

பணம் தருவோருக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டவை எவை? அங்கி, செங்கோல், குதிரை, குடை. இலண்டன் மேயரும் மூத்தோரும் செல்லும் முறையிலேயே குதிரைமீது ஏறிச் செல்லவும், தலைக்குமேற் குடை பிடிப்பித்துக்கொள்ளவும் இவர்களுக்கு உரிமை வழங்கப்பட்டது. குடை வெயிலுக்காக அன்று. கீழைநாட்டிற் குடை அரச சின்னம் என்பதைக் கம்பனியார் நன்கறிந்திருந்தனர்.

வரி வந்ததா? வரவில்லை என்றே கூறுதல் வேண்டும். அங்கியும் குடையும் அணிந்தவர்கள் மகிழ்ந்தனர். ஆனால் அவற்றை அணியாத ஊரவர் மடிச்சீலையை அவிழ்க்க விரும்பவில்லை. மூத்தோரை ஊரவர் தெரிவுசெய்யவில்லை அல்லவா? கம்பனி பெயர் குறித்து நியமித்தவர்களைத் தம்மவர் எனக் கொள்ள அவர்களின் மனம் ஒருப்படவில்லை. நகர மண்டபம் கட்டுதல், நாட்டுச் சிறுவருக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கப் பாடசாலை அமைத்தல், கழிவுநீர்க் கால்வாய் வெட்டுதல் எனச் சாசனக் காலத்தில் எண்ணிய நோக்கங்களுக்கு வேண்டிய பொருள் எதிர்பார்த்தவாறு திரளவில்லை. சைல்டின் கணக்கிற் பிழை இல்லை. தம்மவர் என்னுஞ் சொல்லுக்கு அவர் கொண்ட பொருளிலேதான் பிழை.

வரி வாராதுபோயினும் மேயருக்கு வேறொரு வேலை வந்தது. நகர நிருவாகத்தைக் காட்டிலும் நீதி வழங்குவதே அவருடைய முதன்மையான தொழிலாயிற்று. மேயர் நீதிமன்றம் என்ற பெயரில் அவரும் மூத்தோரும் அமர்ந்து வழக்குகளை விசாரித்தனர். சட்டம் கற்றோர் அவர்களுள் அரியர்; பெரும்பாலார் வணிகரே. 1726-ஆம் ஆண்டில் முதலாம் ஜோர்ஜ் மன்னர் புதிய சாசனம் வழங்கினார். இம்முறை மன்னரின் நேர்ச் சாசனம். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் அதே சாசனத்தால் மேயர்கள் கிடைத்தனர். மூத்தோர் தொகை ஒன்பதாகக் குறைந்தது. அவருள் எழுவர் பிரித்தானியப் பிரசைகளாக இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. பன்னிருவருள் மூவர் இந்துக்களாக இருந்த காலம் இவ்வாறு முடிவுற்றது. பதவி உயர்ந்தது, வாயில் ஒடுங்கியது.

மன்னரின் சாசனத்தாற் செருக்குற்ற நீதிமன்றத்துக்கும் தேசாதிபதிக்கும் பிணக்குகள் மூண்டன. 1736-இல் நிகழ்ந்தது ஒன்று. கோயிலிற் சத்தியஞ் செய்யுமாறு மேயர் நீதிமன்றம் இந்து வணிகர் இருவரைப் பணித்தது. தம் வழக்கத்துக்கு மாறென அவர்கள் மறுத்தனர். நீதிமன்றம் அவர்களைச் சிறையிலிட்டது. ஊர் கொந்தளித்தது. தேசாதிபதி தலையிட்டு அவர்களை விடுவித்தார். ஊரவருக்காக ஏற்பட்ட மேயரிடமிருந்து ஊரவரைத் தேசாதிபதி காக்க நேர்ந்தமை இவ்வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

1746-இற் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது மேயரும் மறைந்தார். நகரம் 1749-இல் மீண்டபின் 1753-ஆம் ஆண்டுச் சாசனத்தால் மீளப் பிறந்தார். 1798-இல் சட்டங் கற்ற றெக்கோடர் ஒருவர் நீதிமன்றத்தின் தலைமைக்கு வந்தார். மேயரும் மூத்தோர் மூவரும் அவரருகே அமரலாயினர். 1801-இல் உயர்நீதிமன்றமாகிய சுப்பிரீங் கோடு ஏற்பட்டது. அதனோடு மேயருக்கு ஆசனமும் இல்லாதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றி அதிகங் கூறவேண்டியதில்லை. சமாதான நீதவான்கள், பின்னர் ஆணையாளர்கள் என அரசாங்கம் நியமித்தவர்களே நகரைப் பராமரித்தனர். 1867-இல் நகரம் எட்டு வட்டாரங்களாக வகுக்கப்பட்டு, வட்டாரத்துக்கு நால்வராக 32 ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டனர். 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவருட் பாதிப்பேரை வரியிறுப்பாளர் தெரிவுசெய்யும் உரிமை பெற்றனர். சைல்ட் கண்ட உபாயத்தின் உயிர்நிலை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழிந்தே நடைமுறைக்கு வந்தது. ஆயினும் தலைவரை அரசாங்கமே அமர்த்திற்று. கொழும்பு நேயர்களுக்கு இது பழகிய கதையே. 1865-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் அமைந்த கொழும்பு மாநகர சபைக்கும் நெடுங்காலம் அரசாங்க உத்தியோகத்தரே தலைமை வகித்தனர். வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து தெரிவுசெய்யப்பட்ட முதல் மேயராக வந்தது 1937-இலேயே.

சென்னையில் அம்மாற்றத்தைத் தந்தது 1919-ஆம் ஆண்டுச் சட்டம். அச்சட்டம் ஒரு கையாற் கொடுத்து மறு கையால் எடுத்தது. சபையார் தம் தலைவரைத் தாமே தெரிவுசெய்யலாம். ஆனால் நிருவாக அதிகாரம் அரசாங்கம் நியமிக்கும் ஆணையாளரின் கையில். தலைவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம், பேசலாம், தீர்மானம் இயற்றலாம். ஆணை பிறப்பிப்பவர் ஆணையாளர். அதுமுதல் இன்றுவரை சென்னையில் இந்த இருதலை அமைப்பே நிலவி வருகின்றது.

அவ்வாறு தெரிவான முதல் தலைவர் சர் பிட்டி தியாகராய செட்டியார். 1882 முதல் நாற்பது ஆண்டுகள் அச்சபையின் அங்கத்தவராக இருந்தவர்; நீதிக்கட்சியை நிறுவினோருள் ஒருவர்; மாகாண முதலமைச்சர் பதவி தம்மை நாடி வந்தபோது அதனை ஏலாது விடுத்தவர். அவர் தலைமையில் 1920-இற் சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கு என்னும் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பாடசாலையிற் பயிலும் வறிய சிறுவருக்கு மதிய உணவு வழங்குதல். செலவு சிறுவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாதிருத்தல். பசித்த வயிற்றோடு வருகின்ற பிள்ளைக்கு எழுத்தறிவிக்க முயன்றிருக்கும் எந்த ஆசிரியருக்கும் இத்தீர்மானத்தின் பெருமையை விளக்கவேண்டியதில்லை. உணவு கிடைத்த பாடசாலைகளிற் பிள்ளைகளின் தொகை பெருகிற்று. வேறு சில பாடசாலைகளுக்கும் திட்டம் விரிந்தது. அதன்பின் நடந்ததுதான் வருந்தத்தக்கது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுதல் ஒவ்வாதென அரசாங்கம் கூறியது. 1925-ஆம் ஆண்டு ஏப்ரில் முதலாந் திகதியோடு சோறு நின்றது. தெரிவுசெய்யப்பட்ட சபை விரும்பிற்று, பிள்ளைகள் வந்தனர், கணக்குப் புத்தகத்தில் அதற்குரிய பத்தி இல்லை. மாகாணமெங்கும் மதிய உணவு மீண்டது காமராசரின் ஆட்சியில், 1950-களின் நடுப்பகுதியில்.

மேயர் என்ற பழைய பெயர் 1933-இல் மீண்டும் வந்தது. றிப்பன் மாளிகை என்னும் வெண்ணிற மாளிகையில் அப்போது சபை கூடிற்று. 1913-இல் திறக்கப்பட்ட அம்மாளிகை, இந்தியாவில் உள்ளூர்ச் சுயாட்சிக்கு வழி திறந்த றிப்பன் பிரபுவின் பெயர் தாங்கியது. புதிய வரிசையின் முதல் மேயர் முத்தையா செட்டியார், முப்பது வயது நிரம்பாத இளைஞர். மேயரின் பதவிக்காலம் ஓராண்டே. ஓராண்டில் ஒருவர் என்ன செய்து முடிக்கலாம் என்று கேட்போர் உளர். ஆனால் அக்குறுகிய காலத்தால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. பலருக்கு அவ்வாசனம் கிட்டிற்று. 1937-இல் தாழ்த்தப்பட்ட சமூகத்திற் பிறந்த சிவசண்முகம் பிள்ளை மேயரானார். பின்னாளிற் சட்டசபைச் சபாநாயகராகவும் விளங்கினார். 1950-களில் தாரா செரியன் அம்மையார் அவ்வாசனத்தில் அமர்ந்த முதற் பெண்மணியானார்.

அதிகாரமற்ற இப்பதவியைக்கொண்டு எவ்வளவு செய்யலாம் என்பதற்கு 1939-இல் மேயரான சத்தியமூர்த்தியே சான்று. காங்கிரசின் நாவன்மை மிக்க தலைவர்களுள் அவர் ஒருவர். அவ்வாண்டு போர் மூண்டது. மாகாணங்களிற் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி துறந்தன. சென்னை மாகாணம் தேசாதிபதியின் நேராட்சிக்கு உட்பட்டது. நகரிலோ குடிநீர்ப் பஞ்சம். செங்குன்றத்து ஏரியை நம்பியிருந்த நகரம் அதன் கொள்ளளவை மிஞ்சி வளர்ந்துவிட்டது. கொற்றலையாற்றின் குறுக்கே பூண்டியில் அணைகட்டி நீர் தேக்கவேண்டும் என்பது மேயரின் விருப்பம். போர்க்காலத்தில் இரும்பும் சீமெந்தும் கிடைப்பதரிது. பணத்தை விடுவிக்கும் அதிகாரம் எவரை எதிர்த்து அவர் மேடைதோறும் முழங்கினாரோ அவரிடமே இருந்தது. சத்தியமூர்த்தி தேசாதிபதி சர் ஆதர் ஹோப்பை அணுகிப் பேசினார், இணங்கச் செய்தார். 1940-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்நிய ஆட்சியினரோடு கலந்துறவாடுகின்றார் எனக் குறை கூறியோரும் இருந்திருப்பர். தண்ணீருக்குக் கட்சி இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். 1944-இல் நீர்த்தேக்கம் நிறைவெய்தியது. அதனைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை. 1943-இல் அவர் மறைந்தார். நீர்த்தேக்கம் சத்தியமூர்த்தி சாகரம் என அவர் பெயரால் வழங்குகின்றது.

சுதந்திரத்தின் பின் கட்சிகள் இப்பதவியைப் பெரிதாக மதித்தன. 1959-இல் திராவிட முன்னேற்றக் கழகம் மாநகராட்சியைக் கைப்பற்றியபோது, மாநில ஆட்சிக்குச் செல்லும் முதற் படியாகவே அது கருதப்பட்டது. எட்டாண்டுகளில் அப்படியே நிகழ்ந்தது. ஆனால் அதே மாநகராட்சியில் வருகைப் பதிவேட்டு ஊழல் எனப்படும் இழுக்கு நேர்ந்தது. வேலைக்கு வாராத தொழிலாளரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிச் சம்பளம் பெறப்பட்டதென்பது குற்றச்சாட்டு. 1973-ஆம் ஆண்டு திசெம்பரில் மாநில அரசு மன்றத்தைக் கலைத்தது.

ஊழலுக்கு மருந்து விசாரணை, தண்டனை, புதிய தேர்தல். இங்கே மருந்தாகக் கொடுக்கப்பட்டது வெற்றிடம். ஓராண்டன்று, ஈராண்டன்று, 23 ஆண்டுகள் சென்னைக்கு மேயர் இல்லை. தனி அலுவலர் ஒருவர் மாற ஒருவராக வந்து நகரை நிருவகித்தனர். ஆட்சிக்கு வந்த கட்சிகள் மாறின, வெற்றிடம் மாறவில்லை. மேயரின்றியும் விளக்குகள் எரிந்தன, குப்பை வண்டிகள் ஓடின, வரிச் சீட்டுகளும் தவறாமல் வந்தன. ஆகவே அப்பதவியே மிகையானது எனச் சொல்வோருக்கு இக்காலம் நல்ல சான்றாகத் தோன்றலாம். ஆனால் தெருக்குழாயில் நீர் வாராத பெண்ணொருத்தி அக்காலத்தில் எவர் வாயிலிற் சென்று நின்றிருப்பாள்? அலுவலருக்கு மனுக் கொடுக்கலாம். அடுத்த தேர்தலில் உமக்கு வாக்கில்லை என்று அலுவலரிடஞ் சொல்ல இயலாது. 1973-இற் பிறந்த குழந்தை, தன் நகரத்துக்கு ஒரு மன்றம் உண்டென்பதைக் கண்ணாற் காணுமுன் வாக்குரிமை வயதையே கடந்துவிட்டது.

1992-இல் இந்திய அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் நகரசபைத் தேர்தல்களைக் கட்டாயமாக்கியது. 1996-இல் தேர்தல் நடந்தது. மேயரை மக்களே நேராகத் தெரிவுசெய்தனர். அவ்வாறு வந்த முதல்வர் மு. க. ஸ்டாலின்; 2001-இலும் அவரே வென்றார். அடுத்த ஆண்டு, ஒருவர் இரு பதவிகளை வகித்தலாகாது என்ற சட்டம் வந்ததால் மேயர் பதவியை விட்டு நீங்கினார். அதன்பின் விதிகள் ஊசலாடின. 2006-இல் மன்ற அங்கத்தவரே மேயரைத் தெரிந்தனர். 2011-இல் மீண்டும் மக்கள். பின்னர் மீண்டும் அங்கத்தவர். ஒரு நகரின் தலைவரை எவர் தெரிவுசெய்வது என்பதை ஆளுங்கட்சியின் வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டிருத்தல் அப்பதவிக்குச் செய்யும் மரியாதையாகாது. 2016 முதல் 2022 வரை மறுபடியும் தேர்தலின்றி ஆசனம் வெறுமையாய்க் கிடந்தது.

2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4-ஆந் திகதி றிப்பன் மாளிகையில் இரா. பிரியா என்பவர் மேயராகப் பதவியேற்றார். வடசென்னையைச் சேர்ந்தவர், முப்பது வயது நிரம்பாதவர், தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து அப்பதவிக்கு வந்த முதற் பெண். மேயருக்குரிய நீண்ட அங்கியும் பொற்சங்கிலியும் அவருக்கு அணிவிக்கப்பட்டன. 200 வட்டாரங்களின் அங்கத்தவர் அம்மன்றத்தில் இருந்தனர். ஹிக்கின்சன் காலத்துச் சாசனத்தின் எப்பக்கத்திலும் இத்தகைய ஒருவருக்கு இடமிருந்ததில்லை.

அவர் பதவியேற்று ஒரு மாதம் நிறையுமுன், ஏப்ரில் முதலாந் திகதி, மாநில அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. சென்னையின் பழைய நகர எல்லைக்குள், 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு நூற்றுக்கு 50 வீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 வீதமும் வரி கூடுமென்பது அறிவிப்பு. விகிதத்தை வகுத்தது மாநில அரசு; வசூலிப்பது ஆணையாளரின் அலுவலகம். அதனை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றுமாறு மன்றத்தின்முன் வைக்கப்பட்டது. எதிர்த்துப் பேசினோரும் இருந்தனர். புதிய மேயரின் தலைமையில் அவ்வாண்டே மன்றம் தீர்மானத்தை நிறைவேற்றியது.